சடை ஆட்டைப் பார்த்தவர்

ஆரணியில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் மணமக்களைப் பார்க்கமாட்டார். சுவர்களைப் பார்ப்பார். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கேட்பார்: "வெளிய போறதுக்கு இன்னொரு வழி எங்கங்க?"

பல் டாக்டரிடம் போனாலும் இதே கேள்வி. ஒருமுறை காதுகுத்து விசேஷம் ஒன்றுக்கு என்னோடு வந்தார். தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நாலு பக்கமும் திறந்த பந்தல். அங்கேயும் கேட்டார். குழந்தையின் தாய்மாமன் என்னைத் தனியாக அழைத்துப் போய், "இன்னாங்க, அவருக்கு ஒடம்பு ஏதாச்சும் சரியில்லையா?" என்றார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. தவிர, பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. ஜாவாக்காரர் என்றால்தான் தெரியும். பட்டு நெய்கிற குடும்பத்தில் பிறந்து, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து, இந்தோனேசியாவின் ஜாவா தீவில் ஒரு நூற்பாலையில் பதினாலு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். இந்தப் பட்டப்பெயரால் அவருக்கு ஒரு தொல்லையும் வந்தது. பழைய ஜாவா மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள். போளூரிலிருந்து ஒருவர் வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

"நான் அந்த ஜாவா இல்லீங்க. தீவு ஜாவா."

"அங்க ஸ்பேர் கெடைக்குமாங்க?"

அவர் உட்கார்ந்து, இரண்டு நாளில் அந்த வண்டியை ஓட வைத்துக் கொடுத்தார். கை அப்படிப்பட்டது. அவருடைய கை மட்டும்தான் ஓர் இடத்தில் நிலைத்து நிற்கும். மற்றபடி கால் ஆடிக்கொண்டே இருக்கும், கண் அலைந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டை நின்றபடி சாப்பிடுவார். மொபெட்டை எங்கே நிறுத்தினாலும் முகம் சாலையைப் பார்க்கத் திருப்பித்தான் நிறுத்துவார். இப்போது மகள் வீட்டோடு ஓசூர் பக்கம் இருக்கிறார். பேசி வருடங்கள் ஆகிவிட்டன. அங்கே வண்டியை எப்படி நிறுத்துகிறாரோ, தெரியாது.

நான் அப்போது ஆரணிக்கு வெளியே ஒரு நவீன அரிசி ஆலையில் மேஸ்திரி. நெல் ஊறுவது, அவிவது, காய்வது, ஆட்கள், ஷிப்டு எல்லாம் என் தலையில். அவர் ஃபிட்டர் வேலைக்கு வந்த அன்று பாய்லர் கொட்டகைக்கு அழைத்துப் போனேன். பாய்லரைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பின்பக்கக் கதவைப் பார்த்தார். அது பல வருடங்களாக உமி மூட்டைகளால் அடைந்து கிடந்தது.

"இது எதுக்கு அடைச்சி வெச்சிருக்கீங்க, மேஸ்திரி?"

"அந்தப் பக்கம் யாரும் போறதில்லீங்கண்ணா."

"போற நாள் வரும்போது மூட்டையைத் தூக்கிகினு இருக்க முடியாது."

அன்று முழுதும் ஒற்றை ஆளாக மூட்டைகளை நகர்த்திக் கதவைத் திறந்தார். கீலுக்கு எண்ணெய் போட்டார். பத்துத் தடவை திறந்து மூடிப் பார்த்தார். ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் மனைவியும் அண்ணியும் ஒரே பட்டுக்கடைக்கு நெய்பவர்கள். அண்ணி ஒருநாள் எங்கள் வீட்டில் பாவு நூல் வாங்க வந்தபோது சொன்னார்: "இவரோட நான் ஒரு சினிமாகூட முடிவு பாத்ததில்ல. கடைசி சண்டை வர்றப்பவே எழுந்துடுவாரு. 'ஜல்தியா வா, கூட்டம் கெளம்பிடும்'பாரு. யாரு செத்தாங்க, யாரு பொழச்சாங்கன்னு பக்கத்து வீட்டுலதான் கேட்டுத் தெரிஞ்சிக்குவேன்."

ஜாவாக்காரரும் எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தார். தறி போட்டிருக்கும் அறைக்கு ஒரே வாசல். காபி டம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்கவே இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த என் மனைவியையும் வாசலையும் மாறிமாறிப் பார்த்தார். "இங்க ஒரு சன்னல் வெச்சிடுங்க. கம்பி இல்லாம," என்றார். திருடன் வருவானே என்றேன். "வரட்டும். உங்க வீட்டம்மா வெளிய வரணும் இல்ல?" என்றார். அவர் போன பிறகு என் மனைவி, "அவரு வந்தாலே எனக்கு மூச்சு முட்டுது" என்றாள். ஆனால் அந்த மாதமே சன்னல் வைத்தோம்.

இதற்கெல்லாம் காரணம் என்ன என்று எனக்குத் தெரியவந்தது ஒரு பஸ் பயணத்தில். ஆலையில் நெல் தூக்கும் எலிவேட்டருக்கு பேரிங் வாங்க இருவரும் வேலூர் போய்க்கொண்டிருந்தோம். கண்ணமங்கலம் தாண்டும்போது மலைகள் கிட்டே வரும். அவர் சன்னல் வழியாக அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் ஆடிக்கொண்டிருந்தது.

"பயம் ஒண்ணும் இல்ல மேஸ்திரி. இதெல்லாம் எப்பவோ குளுந்துபோன பாறை," என்றார் தனக்குத்தானே சொல்வது போல.

"நான் பயப்படலீங்களே."

"நான் எனக்குச் சொல்லிகினேன்."

பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். அவர் வேலை செய்த நூற்பாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் ஓர் எரிமலை.

"எரிமலைன்னா நெருப்புக் குழம்பு ஆறு மாதிரி ஓடியாரும்னுதான நெனச்சிகினு இருக்கீங்க? அப்படி வர்றதும் உண்டு. பல எடத்துல அதுங்கிட்டேர்ந்து நடந்தே தப்பிச்சிடலாம். அந்த மலையில வர்ற குழம்பு வேற. கேழ்வரகுக் களி மாதிரி கெட்டி. ஓடாது. மலை வாயிலேயே மேடா குந்திகினு வளரும். நாளெல்லாம் வளந்துகினே இருக்கும். ஒரு நாள் தாங்காம சரியும்."

"சரிஞ்சா பாறைதான உருளும்?"

"பாறை உருண்டாத்தான் பரவால்லியே. அதுக்குள்ள காத்து அடைபட்டுக் கெடக்குது. சரியும்போது ஒவ்வொரு துண்டும் வெடிச்சித் தூளாவுது. உள்ள இருந்த காத்தெல்லாம் வெளிய வருது. வழியில இருக்கற குளுந்த காத்தையும் இழுத்துச் சூடாக்குது. சூடானா காத்து பெருக்கும் இல்ல? அந்தக் காத்து மேல தூளும் கல்லும் மெதந்துகினு வருது. தரையில ஒரசினாத்தான வேகம் கொறையும்? அது ஒரசறதே கம்மி. இந்த பஸ்ஸு இப்ப போவுது பாருங்க, இதும் மாதிரி ரெண்டு பங்கு வேகம். மூணு பங்குன்னாலும் ஆச்சரியமில்ல. ஓடித் தப்பிக்கற வேலையே கெடையாது. முன்னாடியே கெளம்பியிருக்கணும்."

"சூடு?"

"நம்ம பாய்லர் நீராவி அது முன்னால வெந்நீர்."

அவர் திடீரென்று சிரித்தார்.

"அந்த ஊர்க்காரங்க அதுக்கு இன்னா பேரு வெச்சிருக்காங்க தெரியுமா? சடை ஆடு. தூரத்துலேர்ந்து பாத்தா, சுருட்டைச் சுருட்டையா மயிரு வெச்ச செம்மறி ஆட்டு மந்தை மலையில எறங்கி வர்ற மாதிரியே இருக்கும். வெள்ளையும் சாம்பலுமா, புரண்டு புரண்டு. நான் நின்ன எடத்துல சத்தமே இல்ல. அழகா இருந்துச்சு மேஸ்திரி. அதான் ஆளுங்க நின்னு பாத்துடறாங்க."

"நீங்க எப்படித் தப்பிச்சீங்க?"

"வண்டி இருந்துச்சு. கெளம்பிட்டோம்."

வேலூர் வரும்வரை முன் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்துவிடப்போகிறவர் போலவே வந்தார்.

இந்தக் கதையை ஆலையில் யாரும் நம்பவில்லை. சாம்பலாவது ஓடுவதாவது என்றார்கள். ஒருநாள் டீ நேரத்தில் அவர் ஒரு பெயிண்ட் டப்பாவை எடுத்து, அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டார். உள்ளே அடிப்பக்கத்தில் பட்டுத் துணியின் கிழிசலை இழுத்துக் கட்டினார். காற்று நுழையும், சாம்பல் இறங்காது. அதன்மேல் ஆறின உமிச் சாம்பலை நிரப்பி, ஒரு இரும்பு போல்ட்டை மேலே வைத்தார். போல்ட் அப்படியே உட்கார்ந்திருந்தது. அடியில் கம்ப்ரசர் குழாயை வைத்து மெதுவாகக் காற்றைத் திறந்தார்.

சாம்பல் கொதிப்பது போல் குமிழிட்டது. போல்ட் கிணற்றில் போட்ட கல்லாக மூழ்கிப் போயிற்று. டப்பாவைச் சாய்த்தார். சாம்பல் விளிம்பைத் தாண்டி, பாலை ஊற்றுவது போல வழிந்து தரையில் ஓடியது.

பாய்லர் சாம்பலைக் கம்பியால் குத்திவிடும் ஏழுமலை வாயைத் திறந்தபடி பார்த்தான். நாற்பது வயதுக்காரன், எதற்கும் அசராதவன். "இன்னாண்ணா, தண்ணி ஆயிடுச்சு?" என்றான்.

"காத்தைச் சாப்பிட்ட சாம்பல் தண்ணிதான். சூடா இருந்தா கம்ப்ரசர்கூட தேவையில்ல. காத்தை அதுவே கொண்டாரும்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. டப்பாவைக் காலால் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

எங்கள் பாய்லர் உமியில் எரிவது. எரிந்த சாம்பல் அடுப்புக்குக் கீழே, கூம்பு போன்ற பெரிய இரும்புத் தொட்டியில் விழும். தொட்டியின் அடியில் ஒரு தகடு. அதை இழுத்தால் சாம்பல் தள்ளுவண்டியில் இறங்கும். ஐப்பசி மழையில் உமி ஈரமாகிவிட்டால் சரியாக எரியாது. சாம்பல் கட்டிபிடித்துத் தொட்டியில் அடைத்துக்கொள்ளும். அப்போது கீழிருந்து நீளக் கம்பியால் குத்திவிடுவோம். பல வருடப் பழக்கம்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை தகட்டை இழுத்தும் சாம்பல் வரவில்லை. அவர் ஸ்பானரால் தொட்டியை மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வந்தார். மேலே மந்தமான சத்தம். கீழே காலிப் பானைச் சத்தம்.

"கீழ காலி. மேல நெறைய இருக்குது. நடுவுல சாம்பலே பாலம் கட்டிகினு நிக்குது. குத்தினா மொத்தமா வரும். அடுப்பை அணைங்க மேஸ்திரி. ஆறட்டும். மேலேர்ந்து எடுத்துக்கலாம்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நாளு."

"ஊறல் தொட்டியில நெல்லு கெடக்குது. ரெண்டு நாளானா நாத்தம் எடுத்துடும். மொதலாளி என்னைத்தான் கேப்பாரு."

"நெல்லு நாறினா நாறட்டும்."

அவர் சொன்ன விதம் எனக்கு எரிச்சலூட்டியது. சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். "அண்ணா, உங்க ஜாவா கதையெல்லாம் டீ நேரத்தோட வெச்சிக்கங்க. இங்க வேலை நடக்கணும்," என்றேன்.

அவர் கொட்டகையை மூன்று முறை சுற்றி வந்தார். பிறகு எலிவேட்டர் பெல்ட் அறுந்துவிட்டதாக ஆள் வந்து கூப்பிட, அந்தப் பக்கம் போனார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அவர் மறைந்ததும் நான் ஏழுமலையிடம் சொன்னேன்: "குத்துடா."

இதை நான் எத்தனையோ முறை மாற்றி நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவனே போய்க் குத்தினான் என்றும், நான் வேண்டாம் என்றேன் என்றும். இல்லை. குத்துடா என்றேன்.

ஏழுமலை தொட்டியின் அடியில் குந்திக் குத்த ஆரம்பித்தான். நான் நாலு அடி தள்ளி நின்றேன். எங்களுக்கு வலப்பக்கம், ஆறு படி உயரத்தில், அடுப்புக்கு உமி தள்ளும் மேடை. அதில் மல்லிகா என்கிற அம்மாள் நின்று கீழே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் சாம்பல் பொலபொலவென்று வந்தது. அப்புறம் நின்றது. மறுபடி கொஞ்சம் வந்தது. மறுபடி நின்றது.

அப்போது யாரோ என் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்கள். மூச்சு அடைத்தது. திரும்பினால் அவர். ஒரு கையில் என் காலர். இன்னொரு கையால் ஏழுமலையின் இடுப்புத் துண்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஏழுமலை கெட்ட வார்த்தையில் திட்டினான். நான்கூட அவரை அடிக்கக் கையை ஓங்கினேன் என்று நினைக்கிறேன்.

பெருமூச்சு விடுவது போல் ஒரு சத்தம். அவ்வளவுதான். தொட்டியின் வாயிலிருந்து சாம்பல் வந்தது. கொட்டவில்லை, ஓடியது. தரையோடு தரையாக, நெருப்புப் பொறிகளோடு, நாங்கள் ஓடுவதைவிட வேகமாக ஓடி, எதிர்ச்சுவரில் மோதி, சுவரில் ஏறித் திரும்பி, முன்வாசலை நோக்கிப் போயிற்று. அதன் ஓரம் எங்களை எட்டியபோது நாங்கள் பின்கதவில் இருந்தோம். ஏழுமலையின் ஒரு பாதமும், எங்களை முன்னே தள்ளிவிட்டுக் கடைசியாக வந்த அவருடைய இரண்டு கெண்டைக்காலும் அதில் நனைந்தன. நனைந்தன என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே விழுந்தோம். நான் திரும்பிப் பார்த்தேன். மல்லிகா மேடைமேல் அசையாமல் நின்றிருந்தார். ஓட்டம் கீழேதானே போகிறது, நாம் உயரத்தில் இருக்கிறோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. ஆனால் ஓடுகிற சாம்பலிலிருந்து இன்னொன்று கிளம்பிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக ஒரு மேகம். அது ஓட்டத்தோடு போகவில்லை. சுவரில் மோதிய இடத்தில் பிரிந்து, படிகளின்மேல் நிதானமாக ஏறியது.

"மல்லிகாக்கா! எறங்காத, அப்படியே பின்னால வா!" என்று கத்தினேன். அவர் கேட்டாரா, தெரியாது.

ஜாவாக்காரர் கத்தவில்லை. வெந்த கால்களோடு கொட்டகையைச் சுற்றி ஓடினார். மேடைக்குப் பின்னால், வெளியிலிருந்து உமி தள்ளுகிற சன்னல் ஒன்று உண்டு. உமிக் குவியலில் கையும் காலுமாக ஏறி, அந்தச் சன்னலுக்குள் தோள்வரை நுழைந்து, மல்லிகாவின் புடவையைப் பிடித்தார். இரண்டு பேரும் குவியலில் உருண்டு விழுந்தபோது சன்னல் வழியாக அந்த மேகம் எட்டிப் பார்ப்பது போல வெளியே வந்து, காற்றில் கலைந்தது. மல்லிகாவுக்கு முடி கொஞ்சம் கருகியிருந்தது. ஜாவாக்காரருக்கு வலது கை முழுதும் தோல் உரிந்திருந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. உமியில் படுத்தபடி, "எத்தினி பேரு? எத்தினி பேரு வெளிய வந்துட்டாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாரும் வந்துட்டாங்கண்ணா என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நாங்கள் மூவரும் அவர் முன்னால் வரிசையாக வந்து நின்ற பிறகுதான் கண்ணை மூடினார்.

அவரை வேலூரில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் ஒருநாள் விட்டு ஒருநாள் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் பஸ் ஏறுவேன். போய் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். இதற்கிடையே தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கம்பி வெச்சிக் குத்தச் சொன்னது யாருன்னு கேப்பாங்க. ஏழுமலை அவனாவே குத்தினான்னு சொல்லிடு. ஏழுமலையை நான் பாத்துக்கறேன்," என்றார். சரி என்றேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி சாப்பிடப் போயிருந்தார். கட்டுகளோடு படுத்திருந்ததால் அவரால் காலை ஆட்ட முடியவில்லை. அதனால் இடது கை விரல்கள் ஓயாமல் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தன.

"ஊர்ல எல்லாரும் உங்களைத்தான் பேசறாங்க," என்றேன்.

"பேசவாணாம்னு சொல்லுங்க."

"மூணு உசிரைக் காப்பாத்தியிருக்கீங்க."

"மேஸ்திரி, அன்னிக்கி பஸ்ஸுல கெளம்பிட்டோம்னு சொன்னேன் இல்ல? 'ட்டோம்' இல்ல. கெளம்பிட்டேன்."

பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். நூற்பாலையில் அவரோடு வேலை செய்தவன் ஸ்லாமெத். காய்ச்சல் முதல் பல்வலி வரை எல்லாவற்றுக்கும் ஓடிவந்த சிநேகிதன். அவர்கள் பாஷையில் அந்தப் பெயருக்குச் சுகமாக இருப்பவன் என்று அர்த்தமாம். மலை சரியத் தொடங்கிய அன்று, ஸ்லாமெத்தின் பைக்கில் இரண்டு பேரும் அவன் மாமனார் வீட்டு மாடுகளை அவிழ்த்துவிடப் போயிருக்கிறார்கள். திரும்பும்போது ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தினார்கள். கீழே ஆற்றுப் பள்ளம். தூரத்தில் சடை ஆடு இறங்கிக்கொண்டிருந்தது.

"அது பள்ளத்துலதான் போவும், நாம மேட்டுல இருக்கறோம்னு ஸ்லாமெத் சொன்னான். ஒரு போட்டோ எடுத்துக்கறேன்னான். அவன் சொன்னது பாதி நெசம். கனமா இருக்கறது பள்ளத்தோடதான் போவும். மேல இருக்கற லேசான சாம்பலும் காத்தும் இருக்குது பாருங்க, அதுக்குப் பள்ளம் தேவையில்ல. ஆறு திரும்பற எடத்துல அது திரும்பாது. நேரா மேட்டுல ஏறிடும். அதை நான் கண்ணால பாத்தேன். திருப்பத்துல ரெண்டா பிரிஞ்சுது."

"கூப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன். வண்டியில குந்தி, ஸ்டார்ட் பண்ணி, திருப்பினேன். திருப்பறதுக்குள்ள வந்து ஏறிக்குவான்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். அப்புறம் கழுத்துல சூடு பட்டுது. கை ஆக்ஸிலேட்டரைத் திருகிடுச்சு." விரல்கள் தட்டுவது நின்றது. "வண்டி அவனுது மேஸ்திரி. பத்தடி. எறங்கிப் போய் கையைப் புடிச்சி இழுத்திருந்தா வந்திருப்பான். கூப்பிட்டேனே ஒழிய இழுக்கல."

மலைக்குத் தப்பி வந்தவர்கள் தங்கியிருந்த முகாமுக்கு வந்ததும் பைக்கைச் சாவியோடு ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்துவிட்டாராம். பத்து நாள் கழித்து ஊருக்கு விமானம் ஏறிவிட்டார். ஸ்லாமெத்தின் மனைவியிடம் போகவே இல்லை.

வெளியே நர்ஸ் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜாவாக்காரர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விசாரணையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் என்னைப் படுத்தியது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் உட்கார முடியாமல் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் ஆய்வாளர் கேட்டார்: "முன்கூட்டி யாராவது எச்சரிக்கை செஞ்சாங்களா?"

முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஃபிட்டர் சொன்னாருங்க. அடுப்பை அணைக்கச் சொன்னாரு. நான் கேக்கல. குத்தச் சொன்னது நான்தான்."

சொன்னதை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே என்னை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். பிறகு ஓர் இடைவெளிக்குப் பின் பெரணமல்லூர்ப் பக்கம் வேறொரு ஆலையில் சேர்ந்தேன். ஏழுமலை ஆறு மாதம் நொண்டினான். என் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டு, "நீ சொன்னதாலதான் மேஸ்திரி குத்தினேன்," என்று ஒருமுறை சொன்னான். கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு நான் தலையை ஆட்டினேன்.

கட்டு பிரித்த பிறகு அவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"எழுதிக் குடுத்துட்டீங்களாமே?"

"ஆமாங்கண்ணா."

"எப்படி இருந்துச்சு?"

"ஒரு வாரம் பேஜாரா இருந்துச்சு. அப்புறம் தூக்கம் வந்துச்சு."

அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். "நீங்க பஸ்ஸுல போய் சொல்ற தூரம். எனக்குக் கடல் தாண்டணும்," என்றார்.

அண்ணி தடுப்பார் என்று நினைத்தேன். அவர்தான் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். "போய்ட்டு வாங்க. இத்தினி வருசமா வீட்டுக்குள்ளயே ஓடிகினு இருக்கீங்க," என்றார். தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த, அரக்குக் கரை வைத்த பச்சைப் பட்டு ஒன்றை மடித்துக் கொடுத்தார்.

"அவங்க புடவை கட்டமாட்டாங்களே."

"போத்திக்கட்டும்."

அவர் போய் ஆறாவது நாள், நான் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது வாட்ஸாப்பில் வீடியோ அழைப்பு வந்தது. ஓட்டு வீடு ஒன்றின் முற்றம். அவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு அந்த மலை. உச்சியில் மெல்லியதாகப் புகை. படத்தில் தெரியாத ஒரு பெண்ணின் குரல், நிற்காமல், உயர்ந்தும் தாழ்ந்தும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஸ்லாமெத் வீட்டம்மாவா?" என்றேன்.

"ஆமா. மொதல்ல அழுதாங்க. இப்ப ஒரு மணி நேரமா திட்டறாங்க." அவர் குரல் தாழ்ந்திருந்தது. "வண்டி முகாம்ல கெடச்சது அவங்களுக்கு அப்பவே தெரியுமாம். யாரோ திருடன் தூக்கிகினு போய்ட்டான், அதான் ஸ்லாமெத் வரமுடியலைன்னு நெனச்சிகினு இருந்தாங்களாம். இத்தினி வருசமும் அந்தத் திருடனுக்குச் சாபம் விட்டுகினு இருந்தாங்களாம்."

அவருக்குப் பின்னால் இருந்த புகையையே பார்த்தேன். அது முன்பைவிடக் கொஞ்சம் தடித்திருப்பது போல் எனக்குத் தோன்றியது.

"அண்ணா, பின்னால மலை பொகையுது."

"தெரியும்." அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"சொல்ல வந்ததைச் சொல்லிட்டீங்க இல்ல? கெளம்பிடுங்கண்ணா."

"இல்ல மேஸ்திரி. அவங்க இன்னும் முடிக்கல."

போனைத் துண்டிக்க மறந்து, அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரை இருட்டாயிற்று. அந்த அம்மாளின் குரல் மட்டும் துணிக்குள்ளிருந்து கேட்டது. எனக்கு அந்தப் பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. சோற்றை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அந்த அம்மாள் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.